தோட்டத்தில் எரிந்தது பறை காய்ச்சும் தீ

நம் கத்தோலிக்க தியான இல்லத்தில் நடந்த முகாமில், ராத்திரி தோட்டத்தில் தீ மூட்டிப் பறை அடித்த படம் இதற்குள் உங்கள் எல்லோர் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். ‘புனித இடத்தில் தீ மூட்டிக் கூத்து’ என்று தலைப்பு வேறு. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

முதலில் அந்தத் தீ. ராத்திரிப் பனியில் பறைத் தோல் தொய்ந்துவிடும். அப்படியே அடித்தால் சத்தம் தொப்பென்று விழும். அதனால் நாலு தென்னை ஓலையைக் கொளுத்தி, பறையை அனலில் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றதும் தீயை மிதித்து அணைத்துவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. ஒளிந்து படம் எடுத்தவர் பக்கத்தில் வந்து கேட்டிருந்தால், அவர் கையிலும் பறை அடிக்கிற ஒரு சிண்டுக்குச்சியைக் கொடுத்திருப்பார்கள்.

துப்புரவுப் பணியாளர் குடும்பங்களுக்கு இரண்டு நாள் முகாம். பகலில் சட்டம், நஷ்டஈடு, மனு எழுதுவது. ராத்திரியில் பறை. இதற்குத்தான் இத்தனை கூப்பாடு. இதற்கு இல்லாமல் வேறு எதற்கு அந்த வீடு?

‘ஊரில் மண்டபமா இல்லை?’ என்று கேட்கிறார்கள். போன வருடம் இதே மாதிரி ஒரு கூட்டத்துக்கு மண்டபம் தேடி அலைந்தவன் நான். ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் கடிதம் வாங்கி வரச் சொன்னார். இன்னொருவர் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, வருகிறவர்கள் யார் என்று தெரிந்ததும் ‘அன்னைக்கு பெயிண்டிங் வேலை இருக்கு’ என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் கதவைத் திறந்தது இந்த தியான இல்லத்துச் சிஸ்டர்தான். மூன்று வேளைச் சாப்பாடு, கொசுவலை, சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அன்று வந்தவர்களில் ஓர் அக்கா. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய கணவர் திரும்பி வரவில்லை. ராத்திரி அறைச் சாவியைக் கொடுத்ததும் என்னிடம் கேட்டார்: “தம்பி, இந்தக் கட்டில்ல நான் படுக்கலாமா?” படுங்கக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால், போட்ட விரிப்பு கலையாமல் இருக்கிறது. தரையில் பாய். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்துவிட்டது என்று அந்த அக்காவுக்குத்தான் நான் வகுப்பெடுக்கப் போயிருந்தேன்.

சரி, ‘என் வீடு செப வீடு’ என்ற பைபிள் வசனத்துக்கு வருவோம். எல்லோரும் எடுத்து வீசுகிறார்கள். மாற்கு 11:17ஐ முழுதாகப் படியுங்கள். எல்லா மக்களினங்களுக்கும் உரிய வீடு என்று இருக்கிறது. அந்தப் பாதி மட்டும் ஏன் உங்களுக்கு மனப்பாடம் ஆகவில்லை? 1971இல் ரோமில் கூடிய உலக ஆயர் (பிஷப்) மாமன்றம், நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்பிலிருந்து பிரிக்க முடியாத ஒன்று என்று எழுதி வைத்தது. எழுதியது ஆயர்கள், என்ஜிஓக்காரர்கள் இல்லை.

மௌன தியானத்துக்கு வந்தவர்களுக்கு இடைஞ்சல் என்கிறீர்களா? அது நியாயம். தேதியை மாற்றி வைத்துக்கொள்ளலாம், முடிந்தது. வெளிநாட்டுப் பணம் என்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று: நாம் கும்பிடுகிற கோயில்களில் பாதி எந்த நாட்டுப் பணத்தில் கட்டியது என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள்.

அப்புறம் ‘கூத்து’. திருச்சி கலைக்காவிரி கலை நிறுவனத்தை 1977இல் தொடங்கியவர் ஒரு குருவானவர். அங்கே பரதத்தில் விவிலியக் கதை ஆடினால் கைதட்டுகிறோம். தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் 1950இல் வந்த கிறிஸ்தவ ஆசிரமம். காவி கட்டிய துறவிகள் சமஸ்கிருத மந்திரம் சொல்லி ஆரத்தி எடுத்தால் ‘பண்பாட்டுமயமாதல்’ என்கிறோம். நல்லதுதான், நானும் போயிருக்கிறேன், காவிரிக் காற்றில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன். பறை வந்தால் மட்டும் அது கூத்து, புனிதக் கேடு! இதே மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியாபிலஸ் அப்பாவு பறையையும் கிராமத்து மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதுதான் நற்கருணை விருந்து என்று பாடினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண் பிள்ளைகளுக்குப் பறை சொல்லிக் கொடுப்பதே கன்னியாஸ்திரீகள்தான். பரதத்துக்கும் பறைக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே சாதிச்சுவர் எழுப்பிய சபை இது. திருச்சி மேலப்புதூரில் போய்ப் பாருங்கள்.

பழங்குடி மக்களுக்காக உழைத்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி 2021 ஜூலையில் காவலில் இருந்தபடியே இறந்தபோது டிபி மாற்றியவர்கள்தான் இன்று தியான இல்லத்தில் இந்த முகாம் கூடாது என்ற மனுவில் கையெழுத்துப் போடுகிறார்கள். பெங்களூரு இந்தியச் சமூக நிறுவனத்தில் அவர் இயக்குநராக இருந்த காலத்தில் அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? செபமாலை சொல்ல வந்தவர்களா? செத்த பிறகு புனிதர், இருக்கும்போது ‘போராட்டக்காரன்’.

கோபமாக எழுதுகிறேன் என்பீர்கள். ஆமாம். அந்தப் படத்துக்கு லைக் போட்டவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். திறந்திருக்கக் கூடாது. என் ஞானத்தகப்பன் பெயர் இருக்கிறது. ஞானஸ்நானத்தின்போது என்னைத் தண்ணீர்த் தொட்டியருகே தூக்கிப் பிடித்தவர். எனக்காகப் பிசாசை விட்டுவிடுகிறேன் என்று சொன்னவர்.

மாமா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வருகிறேன். அந்த அக்காவும் வருகிறார். உங்கள் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.