பெயர்ப்பலகை மேல் ஒட்டிய காகிதம்

1953 ஜூலை 15. டால்மியாபுரம் ரயில் நிலையத்துக்குக் கருணாநிதி தலைமையில் போன தி.மு.க.வினர், பெயர்ப்பலகை மேல் ‘கல்லக்குடி’ என்று எழுதிய காகிதத்தை ஒட்டினார்கள். அப்புறம் தண்டவாளத்தில் படுத்தது, சிறைக்குப் போனது எல்லாம் ஊரறிந்த கதை. மேடைகளில் தண்டவாளத்தைத்தான் பேசுவார்கள். எனக்கென்னவோ அந்தக் காகிதம்தான் பெரிதாகத் தெரிகிறது. யாரைக் கேட்டு எங்கள் ஊருக்கு சிமெண்ட் ஆலை முதலாளியின் பெயரை வைத்தீர்கள்? அவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதம் கேட்டுவிட்டது.

பெயரை மாற்றினால் விலைவாசி குறையுமா என்று சிலர் கேட்பார்கள். குறையாது, சரி. அவ்வளவு அற்பமான விஷயம் என்றால் அதிகாரம் ஏன் பதறுகிறது? மாஸ்கோவில் 2015 பிப்ரவரியில் ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் போரிஸ் நெம்த்சோவ் சுட்டுக் கொல்லப்பட்ட பாலத்தை அவருடைய ஆதரவாளர்கள் ‘நெம்த்சோவ் பாலம்’ என்கிறார்கள். அந்தப் பெயரில் பலகை வைத்தால் காணாமல் போகிறது. பூ வைத்தால் அள்ளிக்கொண்டு போகிறார்கள். இவர்களும் விடாமல் மறுபடி வைக்கிறார்கள்.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது செக்கோஸ்லோவாக்கிய மக்கள் செய்தது இன்னும் குறும்பு. தெருப்பலகைகளைக் கழற்றினார்கள். பல ஊர்கள் ஒரே நாளில் தங்கள் தலைவர் ‘டுப்செக்’ பெயரைச் சூடிக்கொண்டன. வந்த படைக்கு வழி தெரியவில்லை. மாஸ்கோவுக்குத் திரும்பும் வழியை மட்டும் எழுதி வைத்தார்கள்!

2022-ல் இலங்கை அதிபர் கோட்டாபய ராஜபக்சவைப் பதவி விலகச் சொல்லிப் போராடியவர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் எழுப்பிய ‘கோட்டா கோ கம’வும் அதே குறும்புதான். கோ என்றால் ஆங்கிலத்தில் போ, கம என்றால் சிங்களத்தில் கிராமம். கூடாரம், நூலகம், முதலுதவி என்று நிஜமாகவே ஒரு கிராமம் அங்கே இருந்தது. ஜூலை 14-ல் கோட்டாபய பதவி விலகினார். 22-ஆம் தேதி விடியுமுன்பே படையினர் புகுந்து கூடாரங்களைப் பிய்த்தார்கள். அந்தப் பெயரில் எனக்கு ஒரு குறை உண்டு. விரட்ட நினைத்தவரையே பெயரில் சுமந்தது. அவர் போனதும் அந்தப் பெயருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. திடல் பழையபடி காலிமுகத்திடல்.

கல்லக்குடி அப்படி இல்லை. அது யாரையும் திட்டும் பெயர் அல்ல, மண்ணின் சொந்தப் பெயர். அதனால்தான் பின்னாளில் தி.மு.க. ஆட்சியில் காகிதத்திலிருந்து பலகைக்கே ஏற முடிந்தது என்று நினைக்கிறேன். ஆனால் இன்றும் அந்த சிமெண்ட் நிறுவனத்தின் முகவரியைப் பாருங்கள்: டால்மியாபுரம் என்றுதான் இருக்கிறது.