வேலிக்கருவையும் இரண்டு வழிகாட்டிப் புத்தகங்களும்

போன டிசம்பர் கடைசியில் அப்பாவை கலிஃபோர்னியாவில் இருக்கும் டெத் வேலி என்ற பாலைவனப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போனேன். பேரைக் கேட்டதுமே அம்மா வர மறுத்துவிட்டாள். "புது வருஷமும் அதுவுமா சாவுன்னு பேர் வச்ச ஊருக்கு எதுக்குடா போகணும்?" என்பது அவள் கட்சி. ஆகவே அப்பாவும் நானும் மட்டும். பின்சீட்டில் ஒரு தூக்குப் புளியோதரை, 20 லிட்டர் தண்ணீர், ஒரு வழிகாட்டிப் புத்தகம். போன இடத்தில் இன்னொன்று வாங்கினேன். இந்தப் பதிவு அந்த இரண்டு புத்தகங்களைப் பற்றியது. ஆனால் அப்பாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

மேற்கிலிருந்து 190ஆம் எண் சாலையில் போனால், மலைக்கணவாயைத் தாண்டிக் கீழே இறங்கியதும் மெஸ்கீட் ஃப்ளாட் என்ற மணல்மேடுகள் வரும். எல்லாரும் மணலில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மணல் பக்கம் திரும்பவே இல்லை. ஓரமாகப் பாதி மணலில் புதைந்து நின்ற ஒரு முள்மரத்தின் முன்னால் நின்றுவிட்டார். குனிந்து அடியில் கிடந்த காய்ந்த நெற்றுகளைப் பார்த்தார், இலையைத் தடவினார், முள்ளை விரலால் சுண்டினார். "ஏப்பா, இது நம்ம வேலிக்கருவைல்ல? இவய்ங்க ஊருக்கும் வந்திருச்சா?"

எங்கள் ஊர் பரமக்குடிக்குப் பக்கம். அங்கே கண்மாய்க்குள் பார்த்தாலும் சீமைக்கருவேலம், வயலுக்குள் பார்த்தாலும் சீமைக்கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. அதே மரத்தை ஒழிக்கச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரைக்கும் வழக்கும் போனது. அந்த மரத்தை அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் வந்த திசையைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். அமெரிக்கக் கண்டம்தான் அந்தக் குடும்பத்துக்குத் தாய்வீடு. டெத் வேலியில் நிற்கும் மெஸ்கீட், நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. அதே சிறகிலை, அதே முள், அதே நெற்று.

அன்று சாயங்காலம் இரண்டு புத்தகங்களிலும் மெஸ்கீட்டைத் தேடினேன். ஒன்று, இங்கே நான் குடியிருக்கும் ஊரின் நூலகம் கழித்துப்போட்ட புத்தகங்களில் 2 டாலருக்கு வாங்கியது. பழையது. அதில் டெத் வேலி இன்னும் தேசியப் பூங்காவாகவே ஆகவில்லை. 1933இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்ட இடம், 1994இல்தான் பூங்காவானது. இன்னொன்று, அன்று மத்தியானம் ஃபர்னஸ் கிரீக்கில் உள்ள பார்வையாளர் மையத்தில் வாங்கியது.

பழைய புத்தகத்தில் மெஸ்கீட் "செடிகொடிகள்" பகுதியில் இருந்தது. அறிவியல் பெயர், உயரம், பூக்கும் மாதம், தண்ணீரைத் தேடி 50 மீட்டருக்குக் கீழேயும் போகக்கூடிய வேர். எல்லாம் சரி. அங்கே வாழ்ந்த டிம்பிஷா ஷோஷோனி மக்கள் 100 பக்கம் தள்ளி, "வரலாறு" பகுதியின் தொடக்கத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு வந்தார்கள். "வாழ்ந்தனர், உண்டனர், இடம்பெயர்ந்தனர்" என்று எல்லாமே இறந்தகாலம். அப்புறம் தங்கம் தேடி வந்தவர்கள், சுரங்கக்காரர்கள், மாளிகை கட்டியவர்கள் என்று 40 பக்கம். இந்த மரமும் அந்த மக்களும் புத்தகத்தில் எந்த இடத்திலும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

என் சண்டை இதோடுதான். பாலைவனப் பூங்காக்களுக்கான வழிகாட்டிகளில் நான் புரட்டிய பெரும்பாலானவை இப்படித்தான் இயற்கை ஒரு பாதி, மனிதர் ஒரு பாதி என்று பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கின்றன. வெறும் அட்டவணைச் சிக்கல்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பிரிவினையோடு ஊருக்குள் போகிறவன் அந்த மரத்தை வெறும் மரமாகத்தான் பார்ப்பான்.

டிம்பிஷாக்களுக்கு மெஸ்கீட் சோறு. நெற்றுகளைப் பொறுக்கி, மர உரலில் போட்டு இடித்து மாவாக்கி, அடையாகத் தட்டிச் சேமித்தார்கள். கோடையில் பள்ளத்தாக்கு கொதிக்கும்போது குடும்பத்தோடு மலையேறிப் போய், இலையுதிர்காலத்தில் பின்யான் பைன் கொட்டைகளைச் சேகரித்து, குளிருக்குக் கீழே இறங்கினார்கள். மெஸ்கீட் மரங்களைச் சும்மா விட்டுவைக்கவும் இல்லை. பட்ட கிளைகளையும் தாழ்ந்த கிளைகளையும் கழித்துவிட்டார்கள், அடியில் சேரும் மணலை ஒதுக்கினார்கள். காட்டு மரம் என்று நாம் நினைப்பது பாதி தோப்பு. தேசிய நினைவிடம் ஆனதும், இயற்கையில் கை வைக்கக் கூடாது என்று அந்த வேலை நின்றுபோனது. பட்ட கிளைகள் மண்டின, மணல் ஏறியது. அப்பா பார்த்த மரம் பாதி புதைந்து நின்றதே, அது காற்றின் வேலை மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம்.

இதை எந்தப் பகுதியில் எழுதுவீர்கள்? செடியிலா, வரலாற்றிலா?

நம் இலக்கணக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை என்பதை இங்கே ஒரு வரி பெருமையடித்துக்கொள்கிறேன். தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரே மூச்சில் சொல்லிப்போகும். பறவைக்கு அடுத்து பறை. போதும், இதற்கு மேல் போனால் பட்டிமன்றம் ஆகிவிடும்.

புதிய புத்தகம் எவ்வளவோ தேவலை. டிம்பிஷாக்கள் நிகழ்காலத்தில் இருக்கிறார்கள். ஃபர்னஸ் கிரீக்கில் அவர்களுடைய ஊர் இன்றும் இருக்கிறது, நாங்கள் புத்தகம் வாங்கிய கட்டடத்துக்குக் கொஞ்ச தூரத்தில். 1930களில் அவர்களை 40 ஏக்கருக்குள் ஒதுக்கி மண்வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். 1950களில், கோடையில் ஆட்கள் மலைக்குப் போயிருந்தபோது, ஆளில்லாத வீடு என்று சொல்லி, நினைவிடத்தை நிர்வகித்த தேசியப் பூங்காத் துறை தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி அந்த மண்வீடுகளைக் கரைத்தது. காலங்காலமாக அவர்கள் கோடைக்கு மேலே போய்க்கொண்டிருந்தவர்கள். அந்தப் பழக்கமே அவர்களுடைய வீட்டைக் கரைக்கக் காரணமானது. மிச்சமிருந்தவர்கள் போகவில்லை. பாலின் எஸ்டீவ்ஸ் போன்ற மூத்தவர்கள் விடாமல் நின்றார்கள். 1983இல் மத்திய அரசு அவர்களைத் தனிப் பழங்குடியாக அங்கீகரித்தது. 2000இல் தனிச் சட்டம் வந்து 7,700 ஏக்கருக்கு மேல் நிலம் திரும்பியது, அதில் 300 ஏக்கருக்குச் சற்று அதிகம் ஃபர்னஸ் கிரீக்கிலேயே. மெஸ்கீட்டையும் பின்யானையும் பராமரிக்கும் பழைய வேலையைப் பூங்காவோடு சேர்ந்து செய்யவும் அந்தச் சட்டம் வழி வைத்தது. டிம்பிஷா என்ற பெயரே அங்கே கிடைக்கும் சிவப்புக் காவிமண்ணை வைத்து வந்தது.

"டெத் வேலி" என்ற பெயர் வைத்தவர்களோ வழிதவறி வந்தவர்கள். 1849இல் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிக் கிளம்பி, குறுக்குவழி என்று நம்பி இந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்ட வண்டிக் கூட்டம். அதில் வில்லியம் லூயிஸ் மேன்லி, ஜான் ரோஜர்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் நடந்தே வெளியேறி, உணவோடு திரும்பி வந்து மற்றவர்களை மீட்டார்கள். நல்ல கதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சில வாரம் பட்டினி கிடந்துவிட்டு வெளியேறியவர்கள் வைத்த பெயர் அட்டையில் இருக்கிறது, அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் வைத்த பெயர் பின்னிணைப்பில் இருக்கிறது. அம்மா வர மறுத்ததற்கும் இந்தப் பெயர்தான் காரணம்!

அடுத்தது வெங்காரம், அதாவது போராக்ஸ். தட்டார் பட்டறையில் பொன் ஊதும்போது வைப்பார்களே, அதே வெங்காரம். ஹார்மனி என்ற ஆலை 1883 முதல் 1888 வரை இங்கே ஓடியது. இருபது கோவேறு கழுதை வண்டி என்று உலகப் புகழ்பெற்ற விளம்பரம் இதிலிருந்து வந்தது. உண்மையில் பெரும்பாலும் 18 கோவேறு கழுதைகளும் 2 குதிரைகளும். மொஹாவி ரயில் நிலையம் வரை 165 மைல், பத்து நாள் பயணம். புத்தகங்கள் கழுதைகளை நன்றாகவே பாடியிருக்கின்றன. உப்புத்தரையில் குனிந்து அந்த வெங்காரத்தைச் சுரண்டிக் குவித்த சீனத் தொழிலாளர்களுக்கு என் பழைய புத்தகத்தில் கிடைத்தது அரை வரி. இன்னொரு சங்கதியும் அதில் இல்லை. கோடையில் இங்கே ஆலை ஓடாது. கரைசல் ஆறினால்தான் வெங்காரம் படிகமாகும், இங்கே கோடையில் அது ஆறவே ஆறாது. அதனால் கோடைக்கு வேலையையே அமர்கோசா பக்கம் மாற்றினார்கள். டிம்பிஷாக்கள் மலையேறிய அதே காரணம்! வெயில், முதலாளிக்கும் அதே வெயில்தான். இப்படி ஒரு வரியைக் கோத்துக் காட்டினால் போதும், அந்தப் புத்தகத்துக்கு நான் அடிமை.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942 டிசம்பரில் மன்சனார் தடுப்பு முகாமில் கலவரம் நடந்தபின், அங்கே அடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய வம்சாவளியினரில் ஆபத்தில் இருந்த 65 பேரை இந்தப் பள்ளத்தாக்கின் கௌ கிரீக்கில் கொண்டுவந்து வைத்தார்கள். இது என்னுடைய இரண்டு புத்தகங்களிலுமே இல்லை.

சரி, வெறும் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது பழைய புத்தகமே மேல். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நான்கு மலைத்தொடர்களில் ஏறி இறங்கி, கேரளத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று மாதிரி, வறண்டுபோய் இங்கே வந்து சேர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. மழை. கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டரில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் 3,368 மீட்டர் டெலஸ்கோப் சிகரத்தில் பனி. இதையெல்லாம் அந்தப் புத்தகம் அவசரமில்லாமல், படம் போட்டு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சொல்லித்தருகிறது. பனியூழிக் காலத்தில் இங்கே பெரிய ஏரி இருந்தது என்ற பக்கத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நம்பவில்லை. 2023 ஆகஸ்ட்டில் ஹிலரி புயலால் ஒரே நாளில் 5 செ.மீ.க்கு மேல் கொட்டி, பேட்வாட்டரில் மறுபடி ஏரி தேங்கி, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஜனங்கள் அதில் துடுப்புப் படகு விட்டார்கள் என்றதும் "கண்மாய்னா அப்படித்தான்" என்றார்.

பழைய பதிப்புகளைத் தூக்கிப்போடாதீர்கள் என்பதற்கு ரேஸ்டிராக் களத்தின் நகரும் கற்களே சாட்சி. காய்ந்த சேற்றுத்தரையில் பாறைகள் தானாக ஊர்ந்துபோன தடம் இருக்கும், ஊர்வதை வெகுகாலம் யாரும் பார்த்ததில்லை. பழைய புத்தகம் அதை விடுவிக்கப்படாத புதிர் என்கிறது, சூறைக்காற்றா, வழுக்கும் சேறா என்று இரண்டு பக்கத்துக்கு யோசிக்கிறது. 2013 டிசம்பரில் ஆய்வாளர்கள் நேரிலேயே பார்த்துவிட்டார்கள், 2014இல் கட்டுரையும் வந்தது. குளிர்காலத்தில் மெல்லிய தண்ணீர் தேங்கி, இரவில் கண்ணாடி போல உறைந்து, வெயில் ஏறியதும் பனித்தகடு உடைந்து, லேசான காற்றில் கல்லைத் தள்ளிக்கொண்டு போகிறது. புதிய புத்தகத்தில் இதற்கு நாலு வரி. விடை தெரிந்ததும் பக்கம் சுருங்கிவிட்டது. எனக்கென்னவோ அந்த இரண்டு பக்கத் தவிப்புதான் பிடித்திருக்கிறது.

இயற்கையையும் மனிதரையும் பிரிக்காமல் எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு, இரண்டு புத்தகங்களுமே ஓர் இடத்தில் அதைச் செய்துகாட்டியிருக்கின்றன: டெவில்ஸ் ஹோல். நெவாடா பக்கம், அப்போதைய நினைவிடத்தோடு 1952இல் சேர்க்கப்பட்ட ஒரு சின்னத் துண்டு நிலம். அங்கே பாறைப் பிளவில் வெந்நீர்க்குழி. அதில் ஓர் அங்குல நீளத்தில் ஒரு பப்ஃபிஷ் இனம், உலகில் வேறெங்கும் கிடையாது. பக்கத்தில் பண்ணைக்காரர்கள் ஆழ்குழாய் போட்டு உறிஞ்ச, குழியில் நீர்மட்டம் இறங்கி, மீன் முட்டையிடும் பாறைத்திட்டு வெளியே தெரிய ஆரம்பித்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 1976இல் மீனுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. 2013இல் எண்ணிக்கை 35 வரை இறங்கியது. இதை எழுதும்போது மீன், நிலத்தடி நீர், விவசாயி, நீதிபதி எல்லாரும் ஒரே பத்தியில் வந்துதான் ஆக வேண்டும். வேறு வழியில்லாததால் நன்றாக வந்திருக்கிறது. மெஸ்கீட்டுக்கும் அதே கவனத்தைக் கொடுக்க என்ன தடை?

"எல்லாம் போனில் இருக்கே, புத்தகம் எதற்கு?" என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கு: அங்கே சிக்னல் இல்லை. சுரங்கக் காலத்தில் போட்டுக் கைவிட்ட தடங்களைச் சாலை என்று நம்பி வழிகாட்டிக் கருவி கூட்டிப்போய், கோடையில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். பூங்காக் காவலர்கள் அதற்கு "ஜிபிஎஸ் சாவு" என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 1913இல் 56.7 டிகிரி பதிவான ஊர். விளையாட்டில்லை. வேகாஸிலிருந்து காலையில் கிளம்பி, யாரோ போட்ட "கட்டாயம் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்" காணொளியை வைத்து ஐந்து படம் எடுத்து, சாயங்காலம் பஃபேக்குத் திரும்பும் நம் ஆட்கள் நிறைய. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். பார்த்தது ஒன்றும் நினைவில்லை, பஃபே நினைவிருக்கிறது.

கிளம்பும் முன் அப்பா ஒரு நெற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பூங்காவுக்குள் கல், செடி எதையும் எடுக்கக் கூடாது என்றேன். "எடுத்துட்டுப் போனா ஊர்ல அடிக்க வருவாய்ங்க, வேற" என்று சிரித்துக்கொண்டே மரத்தடியில் திரும்பப் போட்டார். கார்க் கதவைச் சாத்தியபிறகு கேட்டார்: "அந்த ஊர்க்காரங்க எடுக்கலாமாப்பா?" சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "அது சரி" என்றுவிட்டுப் புளியோதரையைத் திறந்தார்.

வரும் வசந்தத்தில் போகிறவர்கள் கேட்டால் புதிய புத்தகத்தை இரவல் தருவேன். பழையதைத் தரமாட்டேன். மெஸ்கீட் படத்துக்குக் கீழே அப்பா பென்சிலால் "வேலிக்கருவை" என்று எழுதிவைத்துவிட்டார்.