சிறைக் கதவு திறந்தாலே மன்னிப்பு என்று எழுதாதீர்கள்

போனில் சரியாகக் கேட்காதபோது "பார்டன்?" என்கிறோம். மறுபடி சொல்லச் சொல்லும் மரியாதை, அவ்வளவுதான். அரசியல் சட்டத்தின் 72, 161-ஆம் பிரிவுகளில் வரும் "பார்டன்" ஓர் உயிரையே காப்பாற்றக்கூடியது. ஆனால் ஆயுள் கைதி யார் வெளியே வந்தாலும் இந்த ஒரு சொல்லைத்தான் ஒட்டுகிறோம். அண்ணா பிறந்தநாளையொட்டி நடக்கும் முன்விடுதலைக்குக்கூட "பொது மன்னிப்பு" என்றே பெயர். இது தவறு, இதனால் பாதிப்பும் உண்டு.

குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முழு மன்னிப்பு தந்தால் தண்டனையோடு குற்றத் தீர்ப்பும் அழிந்துவிடும். தூக்கு ஆயுளாவது தண்டனை மாற்றம். சிறையில் எல்லோரும் ரெமிஷன் என்று சொல்லும் தண்டனைக் குறைப்பில், உள்ளே இருக்கும் காலம் மட்டுமே குறையும். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். அசாம் தேர்தல் வழக்கொன்றில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மூன்றாண்டு தண்டனை பெற்றவர் ரெமிஷனில் சீக்கிரம் வெளியே வந்து தேர்தலில் நிற்க வேட்புமனு போட்டார்; அது நிராகரிக்கப்பட்டது. தகுதியிழப்புக்குக் கணக்கு நீதிமன்றம் விதித்த மூன்றாண்டுதான் என்றது தீர்ப்பு.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனையே பாருங்கள். 2000-இல் குடியரசுத் தலைவருக்குப் போன கருணை மனு 2011-இல்தான் நிராகரிக்கப்பட்டது. அந்தத் தாமதத்துக்காகவே 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை அந்த வழக்கின் கைதிகள் எழுவரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அதற்கு அரசியல் சட்டத்தில் இடமில்லை என்றது நீதிமன்றம். 2022 மே 18 அன்று முழு நீதி வழங்கத் தனக்குள்ள 142-ஆம் பிரிவு அதிகாரத்தின் கீழ், பேரறிவாளன் தண்டனையை அனுபவித்து முடித்ததாகக் கருதி விடுவித்தது. இதில் யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் உறவை இழந்த குடும்பங்களிடம் "மன்னித்தாயிற்று" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

இன்னொரு பக்கம், கருணை மனு போட்டாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயப்படும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயமே வேண்டாம். சாட்சியங்களைக் குடியரசுத் தலைவர் தாமே ஆராய்ந்து, குற்றம் பற்றியே நீதிமன்றத்திலிருந்து வேறான முடிவுக்கு வரலாம் என்று கேஹர் சிங் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. நிரபராதி என்று சொல்லியே மனு போடலாம்.

நாளைத் தவறவிடுவதுதான் உண்மையான ஆபத்து. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472-ஆம் பிரிவுப்படி, தூக்குத் தண்டனைக் கைதியின் மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போக வேண்டும். முதலில் ஆளுநருக்குப் போட்டிருந்தால், அவர் மறுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு. ஆகவே தகவல் கிடைத்த தேதியை எழுத்தில் வாங்கி வையுங்கள். மனநல சிகிச்சை ஆவணங்கள், தனிமைச் சிறையில் வைத்த விவரம் இருந்தால் கட்டாயம் இணையுங்கள். 2014-இல் சத்ருகன் சௌஹான் வழக்கில் தண்டனையை மாற்றக் காரணங்களாகப் பரிசீலிக்கப்பட்டவற்றில் இவையும் உண்டு. மனு நிராகரிக்கப்பட்டதைத் தெரிவித்தபின் 14 நாள் இடைவெளி இல்லாமல் தூக்கிலிடக் கூடாது என்றதும் அதே தீர்ப்புதான்.

நிபந்தனையோடு மன்னிப்பு என்று சட்டமே சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. குற்றத்தில் கூட்டாளி ஒருவர் அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறும்போது, அதே சன்ஹிதாவின் 343-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் தருவது அது. தனக்குத் தெரிந்த முழு உண்மையையும் அவர் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே ஜாமீனில் இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை காவலில்தான் இருப்பார். எதையாவது மறைத்தார் என்று அரசு வழக்கறிஞர் சான்றளித்தால், அதே குற்றத்துக்காக அவர்மீது தனியாக வழக்கு நடத்தலாம்.