இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழச் சொல்லாதீர்கள்

"நீங்கள் மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்தால் போதும், காலை எவ்வளவு நிம்மதியாக இருக்கும் தெரியுமா?" இனி யாராவது என்னிடம் இப்படிச் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வீட்டில் கடைசியாகப் படுப்பவள் நான். முதலில் எழுபவளும் நான். பெரியவர்களுக்கே இரவில் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். எனக்கு ஆறு கிடைத்தால் பெரிய விஷயம். அந்த ஆறிலும் ஒன்றைப் பிடுங்கிக் கொடு என்பதா யோசனை?

போன வாரம் ஒரு காலை. மணி 7.20. சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சாக்ஸ் காலில், இன்னொன்று கையில். கண் திறந்திருக்கிறது, பார்வை சுவரில் நிற்கிறது. "சீக்கிரம்!" என்று கத்தினேன். திடுக்கிட்டுச் சட்டைப் பட்டனைப் போட ஆரம்பித்தாள். முதல் பட்டனே இரண்டாவது ஓட்டைக்குள் போனது. அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டாள், மறுபடியும் தப்பு. விரல் நடுங்குகிறது. எட்டு வயதுக் குழந்தை அது.

அவள் சோம்பேறி இல்லை. கண் விழித்தவுடன் மூளையும் முழுதாக விழித்துக்கொள்வதில்லை. பொதுவாக 15 முதல் 30 நிமிடம் வரை அந்த மந்தம் இருக்கும், தூக்கம் போதவில்லை என்றால் இன்னும் நீளும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். 6.30க்கு எழ வேண்டிய குழந்தை 9.30க்கே தூங்கிப்போயிருந்தால்தான் அந்தக் குறைந்த அளவாவது கிடைக்கும். எங்கள் வீட்டில் வீட்டுப்பாடம் முடிவதே ஒன்பதரைக்கு!

பெரியவன் பதின்ம வயதில் இருக்கிறான். அந்த வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். சீக்கிரம் படு என்று விரட்டினாலும் புரண்டுகொண்டுதான் கிடப்பான். இதற்காகத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014லேயே, அந்த வயதுப் பிள்ளைகளின் பள்ளியை 8.30க்கு முன் தொடங்காதீர்கள் என்றது. கலிபோர்னியாவில் 2022 ஜூலையில் இருந்து பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே இருக்கிறது. பள்ளி மணியை மாற்றலாம் என்று தெரிந்த பிறகும், அம்மாவின் அலாரத்தை மாற்றச் சொல்வது என்ன நியாயம்?

சரி, பள்ளி என் கையில் இல்லை. வீடு?

அதே காலை, 7.35. "அம்மா, இதுல கையெழுத்து வேணும்." மூன்று நாளாகப் பைக்குள் கசங்கிக் கிடந்த படிவம். தண்ணீர் பாட்டிலைக் காணோம். ஒரு ஷூ சோபாவுக்கு அடியில். குளித்து, உடுத்தி, கையில் சாவியோடு நின்றபடி என் கணவர் சொன்னார்: "சொல்லியிருந்தால் நான் செய்திருப்பேனே."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏன் சொல்ல வேண்டும்? பாட்டில் கழுவ வேண்டும் என்பதை ஞாபகம் வைப்பது ஒரு வேலை. சரியான நேரத்தில் சொல்வது இன்னொரு வேலை. செய்தாயா என்று பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் என் தலையில் கட்டிவிட்டு, கடைசியில் கையால் செய்வதை மட்டும் உதவி என்கிறார்கள். உதவியா? யார் வீடு இது?

அன்று ராத்திரியே உட்கார்ந்து பேசினோம். பேச்சு என்ன பேச்சு, சண்டைதான். ஆனால் ஒன்று முடிவானது. இரவு சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம், நான்கு பேரும் சேர்ந்து. பை, சட்டை, சாக்ஸ், ஷூ எல்லாம் அப்போதே எடுத்து வாசலருகே வைத்துவிட வேண்டும். பாட்டில் என் கணவரின் பொறுப்பு, கழுவுவதில் இருந்து பைக்குள் போவது வரை. நான் ஞாபகப்படுத்த மாட்டேன்.

முதல் நாளே மறந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பாதி வழியில் ஞாபகம் வந்து அவரே திரும்பி ஓடிவந்தார். அப்புறம் மறக்கவில்லை. நேற்றுக் காலை சின்னவள் தானாகவே பட்டன் போட்டாள், ஒவ்வொன்றாக, நிதானமாக. யாரும் கத்தவில்லை.

அந்தப் படிவங்கள் மட்டும் இன்னும் என் தலையில்தான் இருக்கின்றன. இன்று இரவு அதையும் பேசப் போகிறேன். சண்டை வந்தாலும் பரவாயில்லை.