குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதினால் குறைந்தா போய்விடும்?

டாங்கி, விமானம் என்று நிஜத்தின் சின்ன உருவத்தைப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் கட்டுகிறவர்கள் பூசும் மாடல் பெயின்ட் குப்பியின் மேல் என்னவெல்லாம் அச்சடிக்கிறார்கள் என்று என்றைக்காவது உட்கார்ந்து படித்திருக்கிறீர்களா? புழுதி கிளப்பிக்கொண்டு பாயும் டாங்கியின் படம் இருக்கும். 'போர்முனைச் சேறு' என்று காவியத் தலைப்பு மாதிரி ஒரு பெயர் இருக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று ஏழெட்டு மொழிகளில் இருக்கும். உள்ளே இருப்பது எதில் கரையும், எதை ஊற்றி நீர்க்க வைக்கலாம், எதன் மேல் பூசினால் அடியில் இருப்பதை அரித்துவிடும் என்பது மட்டும் இருக்காது. தப்பித் தவறி இருந்தாலும் அந்த எழுத்தை எறும்புதான் படிக்க வேண்டும்.

மாடல் கட்டுகிறவனுக்கு வேண்டியதே அந்த மூன்று சேதிதான் ஐயா! படம் எதற்கு? டாங்கி எப்படி இருக்கும் என்று தெரியாமலா அதன் பாகங்கள் அடங்கிய கிட்டை வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன்?

பிளாஸ்டிக் வேலையில் இவர்களைக் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு வருகிற நல்ல கிட்களில் பாகங்கள் பொருந்துகிற அழகைப் பார்த்தால் பசை தொடவே மனசு வராது. 1/72 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ விமானத்தில் 7.2 சென்டிமீட்டர். அவ்வளவு சின்ன உருவத்தில் தகடும் தகடும் சேரும் இடத்தைக்கூட மயிரிழைக் கோடாகச் செதுக்கித் தருகிறார்கள். அப்புறம் செய்முறைத் தாளில் வண்ணம் பூசும் பக்கத்தைத் திருப்புங்கள். விமானத்தின் படம், ஓர் அம்புக்குறி, அதன் நுனியில் ஓர் எண். முடிந்தது. அது பச்சையா, சாம்பலா, பழுப்பா என்பதை நாமே துப்புத் துலக்கிக்கொள்ள வேண்டும். சில தாள்களில் இது இரண்டு பங்கு, அது ஒரு பங்கு, மூன்றாவது கொஞ்சம் என்று கலவைக் கணக்கு வேறு கொடுத்திருப்பார்கள். இடது இறக்கை முடிவதற்குள் கலவை தீர்ந்துபோனால் வலது இறக்கைக்கு அதே நிறத்தை மறுபடி கொண்டுவர பிரம்மா இறங்கி வர வேண்டும்.

பளபளப்பில்லாத வெறும் கறுப்பையே எடுத்துக்கொள்வோம். தமியா கம்பெனியில் அது எக்ஸ்எஃப்-1. மிஸ்டர் ஹாபியின் அக்வியஸ் வரிசையில் ஹெச்12. மிஸ்டர் கலரில் சி33. வல்லேஹோ மாடல் கலரில் 70.950. சரி, கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறட்டும், அவரவர் வியாபாரம். ஒப்பீட்டு அட்டவணை பார்த்துச் சமாளித்துவிடலாம். வயிறு எரிவது அதற்காக இல்லை. அந்த அட்டவணையில் நான்கும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். குப்பிக்குள் இருக்கும் சரக்கோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

சி33 காட்டமான லேக்கர் வகை, அதை நீர்க்க வைக்க அதற்கென்று இருக்கும் தின்னர் என்ற திரவம்தான் வேண்டும். எக்ஸ்எஃப்-1, ஹெச்12 இரண்டும் ஆல்கஹாலோடு உறவாடும் வகை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாக நீர்க்கும். லேக்கர் தின்னர் ஊற்றினால் இன்னும் வழுவழுப்பாகப் படியும். 70.950 தண்ணீரில் கலந்து நிற்கும் பிசின். அதில் போய் ஆல்கஹாலை ஊற்றினீர்கள் என்றால் பெயின்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷ் கருவியின் கிண்ணத்துக்குள்ளேயே திரண்டு, கட்டி கட்டியாக, பிசுபிசு என்று ஒரு வஸ்து உருவாகும். எக்ஸ்எஃப்-1-ஐயும் அக்ரிலிக் என்றுதான் விற்கிறார்கள், 70.950-ஐயும் அக்ரிலிக் என்றுதான் விற்கிறார்கள். ரசாயனக் கணக்குப்படி சி33-இன் பிசின்கூட அக்ரிலிக்தான்! அக்ரிலிக் என்பது காய்ந்த பிறகு மாடலில் மிச்சம் நிற்கும் பிசின். காய்வதற்கு முன்னால் அது எதில் கரைந்து கிடந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லாமல் மொட்டையாக அக்ரிலிக் என்று போட்டுவிட்டுப் போனால் நான் எதை ஊற்றுவது?

ஏர்பிரஷ்ஷின் நுனித் துவாரம் 0.3 மில்லிமீட்டர். 0.2 என்று வைத்திருப்பவர்களும் உண்டு. அதற்குள் அந்தத் திரண்ட வஸ்து போய் அடைத்துக்கொண்டால் ஊசியை உருவி, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத நாசிலைக் கழற்றி, தரையில் விழுந்து தொலையாமல் பிடித்துக்கொண்டு, கரைசலில் ஊறப்போட்டுச் சுரண்ட வேண்டும். எந்தக் கரைசலில்? அதற்கும் குப்பியில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமே!

எதைக் கலப்பது என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தவனுக்கு அடுத்த சோதனை, எவ்வளவு கலப்பது. இதற்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள்: பால் பதம். எந்தப் பால் என்று யாராவது சொல்கிறார்களா? கறந்த பாலா, தண்ணீர் ஊற்றிய பாலா, சுண்டக் காய்ச்சிய பாலா? காற்றழுத்தத்தை மட்டும் 15 முதல் 20 பிஎஸ்ஐ என்று எண் வைத்துச் சொல்லத் தெரிகிறது, கலவைக்கு மட்டும் பசுமாட்டைக் கூப்பிடுகிறார்கள். வெயில் காலத்தில் தண்ணீர் வகை பெயின்ட் ஊசி முனையிலேயே காய்ந்து, துப்பித் துப்பி வெளியே வரும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் நீர்க்க வேண்டும், உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு விட வேண்டும். இந்தப் பெயின்டை இத்தனைக்கு இத்தனை என்று நீர்க்க வைத்து ஆரம்பியுங்கள், அதிலிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு விகிதம் போட்டால் போதும். போட மாட்டார்கள்.

இதையெல்லாம் தாண்டி அடிப்படை நிறம் பூசியாகிவிட்டது என்று வையுங்கள். இனிமேல்தான் கூத்தே. ஒரு மாடல் என்பது ஒரு பெயின்டோடு முடிகிற சமாசாரம் இல்லை. அடிப்பூச்சான பிரைமர், அதன் மேல் நிறம், அதன் மேல் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் எண், சின்னம் அச்சிட்ட டெக்கால் என்ற ஒட்டுப்படம், மறுபடி வார்னிஷ், இடுக்குகளில் ஓடவிட வாஷ் என்ற நீர்த்த வண்ணம், அப்புறம் எண்ணெய் வண்ணக் கறை, கடைசியில் பளபளப்பைப் போக்கும் மேட் வார்னிஷ் என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பூச்சும் கீழே இருப்பதைத் தொந்தரவு செய்யாமல் உட்கார வேண்டும். எனாமல் என்கிற எண்ணெய் சார்ந்த பெயின்ட் சரியாக இறுகுவதற்குள் அதன் மேல் லேக்கர் அடித்தால் அடியில் இருப்பது சுருங்கிச் சுருங்கிக் கிழவன் தோல் ஆகிவிடும். சரி, இறுகும்வரை பொறுப்போம் என்றால் எவ்வளவு நேரம்? தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும், உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற நாள்கணக்கில் ஆகலாம். இரண்டும் வேறு வேறு என்பதைக் குப்பி சொல்லாது. அனுபவசாலிகளின் ஆலோசனை என்ன தெரியுமா? மூக்கருகே வைத்து முகர்ந்து பார், வாசனை வந்தால் இன்னும் இறுகவில்லை. நிஜமாகவே இது நல்ல ஆலோசனை, நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் இவ்வளவு முன்னேறிய உற்பத்தித் துறையில் ஆகச் சிறந்த அளவுகோல் என் மூக்கு என்பதுதான் ஆத்திரம்.

வாஷ் விஷயத்தில் இன்னொரு பயங்கரம். எனாமல் வாஷ்ஷில் இருக்கும் கரைப்பான், வார்னிஷ் படாத வெறும் பாலிஸ்டைரீனில், அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கில், ஊறினால், அதிலும் இறுக்கமாக வளைத்து ஒட்டிய இடத்தில் தேங்கினால், பிளாஸ்டிக் விரிசல் விட்டு உடையும். விமானத்தின் சக்கரக் கால் படக்கென்று போகும். குப்பியில் இடுக்குகளில் தடவுங்கள் என்று அம்புக்குறி போட்டுக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, வெறும் பிளாஸ்டிக்கில் தடவாதீர்கள் என்று ஒரு வரி போடத் தெரியாதா? டெக்காலும் அப்படித்தான். தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டவும் என்பதோடு செய்முறைத் தாள் கைகழுவிவிடும். சொரசொரப்பான மேட் பரப்பில் ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளி வெள்ளியாக மின்னும், அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள் என்று எழுதுகிற தாள் எத்தனை? ஒரு கையில் எண்ணிவிடலாம்.

மேட் வார்னிஷ்ஷுக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். எல்லா வேலையும் முடிந்து கடைசியாக, திரும்ப வழியே இல்லாத இடத்தில் அடிக்கிற பூச்சு இது. பளபளப்பை எப்படிக் கொல்கிறது? உள்ளே பெரும்பாலும் சிலிக்கா போன்ற மிக நுண்ணிய தூள் இருக்கும். அது பரப்பில் நின்று ஒளியைச் சிதறடிக்கும். அந்தத் தூள் குப்பியின் அடியில் போய்ப் படியும். குலுக்கு குலுக்கென்று குலுக்காமல் எடுத்தால் முதல் பாதி பளபளப்பாகவே வரும்; அடியில் கெட்டியாக நிற்கும் மீதியோ மாடல் மேல் வெள்ளைச் சாம்பலாகப் படியும். கறுப்பு டயர் நரைத்துவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் லேக்கர் வார்னிஷ் அடித்தாலும் வெளுக்கும். ஆனால் அது வேறு காரணம்: கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து மாட்டிக்கொள்ளும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான், வைத்தியம் வேறு. ஈரத்தால் வந்ததென்றால் மெதுவாக உலரும் தின்னரை மெல்லிசாகத் தூவினால் படலம் இளகித் தெளியும். தூளால் வந்ததென்றால் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை அடித்தால் பெரும்பாலும் அமுங்கும், பிறகு மேட் வார்னிஷ்ஷை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரச்சினை எது என்று தெரியாமல் கை வைத்தால் டெக்காலும் சேர்ந்து சுருங்கும். இவ்வளவு ஆபத்தான சரக்கின் மேல் இருக்கும் ஒரே அறிவுரை, நன்றாகக் குலுக்கவும். ஈரமான நாளில் அடிக்காதே என்று சொல்ல எத்தனை எழுத்து ஆகும்?

போதாக்குறைக்கு, பளபளப்பு வார்னிஷ்ஷின் மேல் நாம் பார்த்துப் பார்த்து வைத்த கறையும் நிழலும் மேட் அடித்ததும் மங்கிப் போகும். புழுதி மாதிரி தெரிய பிக்மென்ட் என்ற வண்ணத் தூள் தூவியிருந்தால் அது இருந்த சுவடே தெரியாது.

சரி, குப்பிதான் பேசாது, தெரிந்த பெரியவர்களைக் கேட்போம் என்று போனால் அது இன்னொரு நரகம். இந்த மஞ்சளை எதில் நீர்ப்பது என்று கேட்டேன். ஒரு பெரியவர், 1943 பிப்ரவரியில் ஜெர்மன் டாங்கிகளின் அடிப்படை நிறம் அடர்சாம்பலிலிருந்து அடர்மஞ்சளுக்கு மாறிய கதையை ஆரம்பித்தார். ஜெர்மன் நிறப் பட்டியலில் அதன் எண் ஆர்ஏஎல் 7028 என்றார். என் கையில் இருக்கும் குப்பி அந்த நிறத்துக்குப் பொருந்தாது, பச்சை தூக்கலாக இருக்கிறது என்றார். ஐயா, நான் தின்னர் கேட்டேன்! அதிலும் வேடிக்கை, அந்த நிறத்துக்கு ஒரே சாயல் என்று ஒன்று கிடையாது. படைப்பிரிவுகளுக்குப் பெயின்டைக் குழம்பாகத் தகர டப்பாவில் அனுப்பினார்கள், அவர்கள் பெட்ரோலையோ தண்ணீரையோ ஊற்றிக் கரைத்து அடித்துக்கொண்டார்கள். எவ்வளவு ஊற்றினார்கள் என்பதைப் பொறுத்து டாங்கிக்கு டாங்கி சாயல் மாறியது. அதாவது குண்டு விழுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்த சிப்பாய்க்கு டப்பாவில் எதை ஊற்றலாம் என்று தெரிந்திருக்கிறது. விளக்கு, நாற்காலி, மின்விசிறி சகிதம் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, பட்டால்தான் புத்தி வரும் என்கிற கூட்டம். உதவாத பிளாஸ்டிக் துண்டில் பூசிப் பழகு என்பார்கள். பழகத்தான் செய்கிறேன். துண்டில் அடித்தது சுருங்குகிறதா என்று தெரிய நாள் பிடிக்கும், வெயில் நாளில் துண்டில் சரியாக வந்தது மழை நாளில் மாடலில் வராது. தயாரித்தவன் தன் ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தெரிந்துவைத்திருக்கும் விஷயத்தை, வாங்கிய ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்குப் பெயர் அனுபவமா? பழகுவதற்கு எனக்கு இதில் ஆயிரம் இருக்கிறது. கை நடுங்காமல் சின்னஞ்சிறு வீரனின் முகத்தில் கண்மணி வைப்பது, துரு எங்கே பிடிக்கும் எங்கே பிடிக்காது என்று பார்ப்பது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது. என் நேரத்தை அதில் போட்டுக்கொள்கிறேன், விடுங்கள்.

இடம் இல்லை, குப்பி சின்னது என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். இடம் இல்லாமலா பச்சை வாகனத்துக்கு ஒரு வாஷ், மஞ்சள் வாகனத்துக்கு ஒரு வாஷ், குளிர்கால வெள்ளைக்கு ஒரு அழுக்கு, மரத்துக்கு ஒன்று, சங்கிலிப் பட்டைக்கு ஒன்று என்று பழுப்பு நிறத்துக்கே ஒரு அலமாரி பெயர் வைக்கிறீர்கள்? பாதிக் குப்பிகளைத் திறந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

எழுதித் தொலைக்க மாட்டார்கள் என்று தெரிந்து நானே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். எந்தக் குப்பிக்கு எந்த தின்னர், எத்தனைக்கு எத்தனை, மேல் பூச்சுக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். அதில் மிக நன்றாக வேலை செய்த ஒரு பெயின்ட் தீர்ந்துபோய், அதே கம்பெனியில், அதே எண்ணில், அதே லேபிளோடு இன்னொன்று வாங்கினேன். நோட்டில் இருந்த விகிதத்தையே கலந்தேன். கிண்ணத்தில் திரண்டுவிட்டது. விசாரித்தால், உள்ளே இருக்கும் சரக்கை மாற்றிவிட்டார்களாம். லேபிளில் ஒரு வார்த்தை கிடையாது. டாங்கியின் படத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்கள்.