பர்மா தேக்கும் மலேசியா பலகையும்

போன கிழமை முன்கதவுக்குப் பலகை பார்க்க ஹட்டன் பக்கம் ஒரு மரக்காலைக்குப் போனேன். கூட வந்தது எங்கள் தோட்டத்தில் தச்சு வேலை பார்க்கும் மர பாஸ் மாமா. தேக்கு விலையைக் கேட்டதும், "தம்பி, மலேசியா பலகையக் காட்டுங்க" என்று பேச்சை மாற்றிவிட்டார். எடுத்துப் போட்டது கெம்பஸ் என்ற மரம். நல்ல பாரம், ஆணி லேசில் இறங்காது. திரும்பி வரும்போது சொன்னார்: "தொர பங்களாக் கதவு பூரா பர்மா தேக்கு. இன்னும் கறையான் தொட்டதில்ல."

பங்களாவில் பர்மா, கடையில் மலேசியா. மரம் விற்றதில் எந்த நாடு கெட்டிக்காரத்தனமாக நடந்தது என்று கேட்டால் என் கட்சி மலேசியாதான். முழு மனசோடு இல்லை.

பர்மாவில் தேக்கை வைத்தே நாடு பறிபோனது. வெள்ளைக்காரனின் பம்பாய் பர்மா கம்பனி வெட்டிய மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டியது என்று தீபா மன்னரின் அரசவை 1885இல் அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து வெள்ளைக்காரன் படையெடுத்தான், அந்த வருஷம் முடியும் முன்பே மன்னர் கைதி. வெள்ளைக்காரன் போனான், அறுக்காமல் உருளை மரமாகவே விற்கிற பழக்கம் போகவில்லை. 1989இல் தாய்லாந்து தன் காட்டில் வெட்டுவதை நிறுத்தியதும் அந்நாட்டுக் கம்பனிகள் எல்லை தாண்டி பர்மாவில் வெட்டின. 2014 ஏப்ரலில்தான் உருளை மர ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதற்கு அடுத்த ஜனவரியிலேயே பர்மாவின் வடக்கே கச்சின் காட்டில் 150க்கும் மேற்பட்ட சீன மரவெட்டிகள் பிடிபட்டார்கள். ஆயுள் தண்டனை கொடுத்து, சில நாளில் பொதுமன்னிப்பும் கொடுத்தார்கள். தடை எவ்வளவு பலமானது என்று இதிலேயே தெரியும்.

மலேசியத் தீபகற்பம் 1985லேயே உருளை மரம் அனுப்புவதை நிறுத்தியது. எனக்குப் பிடித்தது அதைவிட ரப்பர் மர விஷயம். எங்கள் ஆட்கள் மண்டபம் வழியாக இங்கே வந்த காலத்தில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிய சனம் மலாயாவில் பால் வெட்டியது. 25, 30 வருஷம் பால் தந்து ஓய்ந்த மரம் அப்போது வெறும் விறகு. வெட்டிப் போட்டால் பூச்சி அரிக்கும், பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். மருந்தை அழுத்தி ஏற்றி, சூட்டறையில் உலர்த்தப் பழகிய பிறகு அதே விறகு மேசையாகவும் கதிரையாகவும் கப்பலேறியது. ஜொகூரில் மூவார் என்ற ஊருக்குத் தளபாடத்தால்தான் பெயர்.

போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலமான சரவாக்கின் கதை வேறு. அங்கிருந்து உருளை மரம் ஜப்பானுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1987இல் அந்தக் காட்டுப் பழங்குடிகளான பெனான் மக்கள் மரம் ஏற்றும் லொறிப் பாதையில் குறுக்கே நின்று மறித்தார்கள். மலேசியாவைப் புகழும்போது இந்தப் பாதியை மறைத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பால் வெட்டியவரின் பேரனுக்கு அந்தக் கதிரை வியாபாரத்தில் என்ன கிடைத்தது என்று கேட்டாலும் அப்படித்தான்.

நம் இலங்கை 1990இல் இயற்கைக் காட்டில் மரம் தறிப்பதை நிறுத்தியது. நல்ல முடிவு, இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். அதனால் கடையில் மலேசியா பலகை, தோட்டத்தில் கிராண்டிஸ் என்கிற யூக்கலிப்டஸ் மரம். மலையில் தறித்த கிராண்டிஸை லொறி லொறியாக இறக்குகிறார்கள். இங்கே அறுத்து, உலர்த்தி, ஒரு கதவாகவாவது அனுப்பினால் லயத்துப் பையன்கள் நாலு பேர் கொழும்புக் கடைகளுக்குப் போகாமல் ஊரில் இருப்பார்கள்.

கதவு கெம்பஸ்தான். நிலைக்காவது நம்மூர் கிராண்டிஸ் போடுவோம் என்று பாஸ் மாமா விசாரித்துப் பார்த்தார். எங்கள் மலையில் தறித்தது முழுவதும் கீழே போய்விட்டதாம். அறுத்த பலகை வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து எடுத்துத் தருவார்களாம், லொறிக்கூலி தனி.