கையெழுத்துப் போடமாட்டேன் என்பது உரிமை இல்லை, அடாவடி

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் விக்க முடியும். ஒருத்தர் முடியாதுன்னுட்டா அவ்வளவுதான்." பத்திர எழுத்தரும் இதைத்தான் சொல்கிறார், நிலத் தரகரும் இதைத்தான் சொல்கிறார், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரும் இதைத்தான் சொல்கிறார். இந்தப் பாதி உண்மையை நம்பித்தான் தமிழ்நாடு முழுக்கக் கூட்டுப் பட்டா நிலங்கள், அதாவது பல பங்காளிகள் சேர்ந்து உரிமை வைத்திருக்கும் நிலங்கள், சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. முழு நிலத்தையும் ஒரே கிரயத்தில் விற்க எல்லோர் கையெழுத்தும் வேண்டும், சரி. ஆனால் உங்கள் பங்கைப் பிரித்து வாங்கவோ விற்கவோ யார் தயவும் தேவையில்லை. பங்கை விற்கச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இன் 44-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது.

இதில் கொதிக்க வைப்பது அந்த ஒற்றை ஆள்தான். பெரும்பாலும் நிலத்தில் உட்கார்ந்திருப்பவரே அவர். தேங்காய் வெட்டு அவருக்கு, குத்தகைப் பணம் அவருக்கு. "விற்றுவிடலாம்" என்றால் "அப்பா சொத்தை விக்கணுமா?" என்பார். "நீயே வாங்கிக்கொள்" என்றால் கையில் காசில்லை. "பிரித்துக்கொள்வோம்" என்றால் "இப்ப என்ன அவசரம்?" தானும் படுக்கமாட்டான், தள்ளியும் படுக்கமாட்டான் என்பது இதுதான். இடையில் ஒரு பங்குதாரர் இறந்து அவர் வாரிசுகளும் சேர்ந்துகொள்வார்கள். நான்கு கையெழுத்து ஒன்பதாகும். அதில் ஒருவர் மைனர் என்றால், அவருக்கென்று வந்த பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயோ தந்தையோ விற்கக்கூடாது. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் வர வேண்டும், வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்தால் அதுவும் செல்லாது. தள்ளிப்போடுகிற ஒவ்வோர் ஆண்டும் சிக்கலுக்கு வட்டி கட்டுகிற ஆண்டுதான்.

அடுத்த கோபம், பொறுமை இழந்து குறுக்கு வழியில் போகிறவர்கள்மேல். 1 ஏக்கர் 20 சென்ட், நான்கு வாரிசு, ஆளுக்கு 30 சென்ட் என்று கணக்குப் போட்டு, ரோட்டோரத்து 30 சென்டுக்கு நான்கு மால் (நான்கு பக்க எல்லை) எழுதித் தனியாக விற்றுவிடுகிறார்கள். பாகமே ஆகாத நிலத்தில் அந்த ரோட்டோரம் உங்களுடையது என்று யார் சொன்னது? வாங்கியவருக்குப் போய்ச் சேர்வது பிரிபடாத கால் பங்கு மட்டும்தான். பிறகு பாகப்பிரிவினை நடக்கும்போது அந்த இடத்தையே அவருக்கு ஒதுக்க நீதிமன்றம் பார்க்கலாம், ஆனால் கட்டாயம் இல்லை. பிரிபடாத பாகம் அடிமாட்டு விலைக்குப் போவது இதனால்தான். வாங்குபவர் காசு கொடுத்து ஒரு வழக்கையும் சேர்த்து வாங்குகிறார். நிலத்தில் குடும்பம் வாழும் வீடும் இருந்தால் இன்னும் மோசம். பங்கை வாங்கிய வெளியாள் அந்த வீட்டில் கூட்டாக அனுபவம் (சேர்ந்து வைத்திருந்து பயன்படுத்தும் உரிமை) கேட்க முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அவர் பங்கைக் குடும்பத்தாரே மதிப்புக் கட்டி வாங்கிக்கொள்ளப் பாகப்பிரிவினைச் சட்டம் 1893-இன் 4-ஆம் பிரிவு வழிசெய்கிறது.

மூன்று பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாலாவது ஆளை நாங்கள் கூட்டி வருகிறோம்" என்று அட்வான்ஸ் வாங்குவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த ஒப்பந்தம் நான்காவது ஆளைக் கட்டுப்படுத்தாது, உங்களை மட்டும்தான் கட்டும்.

உருப்படியாகச் செய்ய நினைத்தால் காகிதத்தில் தொடங்குங்கள். தாய்ப் பத்திரம், பழைய காலத்திலிருந்தே வில்லங்கச் சான்று, இறந்த ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும், சிட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்). வாரிசுப் பட்டியலில் அத்தையை விட்டுவிட்டு வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பெண்களுக்குக் "கல்யாணத்தில் செய்தாச்சு" என்ற பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் (தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) இருந்தால் மட்டும் பேசுங்கள். பட்டாவில் தன் பெயர் மட்டும் இருக்கிறது என்று மார்தட்டுகிறவருக்கும் இதே பதில்: பட்டா வருவாய்த் துறை ஆவணம், அது உரிமையை உருவாக்காது. பதியாத கூர்ச்சீட்டை (குடும்பத்துக்குள் எழுதிக்கொண்ட பாகச் சீட்டை) காட்டிப் பாகம் முடிந்ததாகச் சாதிப்பதும் பெரும்பாலும் எடுபடாது.

அடுத்து, வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு. விலையைக் குறிப்பிட்டு, "இந்த விலைக்கு என் பங்கை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாகம் செய்யலாம்" என்று எழுதுங்கள். உயில் இல்லாமல் இறந்த இந்துவின் முதல் வகுப்பு வாரிசுகளுக்கு (மகன், மகள், மனைவி, தாய் போன்றோருக்கு), மற்றவர் விற்கும் பங்கை முன்னுரிமையில் வாங்கும் உரிமை இந்து வாரிசுரிமைச் சட்டம் 22-ஆம் பிரிவில் இருக்கிறது. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிட்டால், "எனக்குச் சொல்லவே இல்லை" என்ற பிந்தைய நாடகத்துக்கு இடமில்லை. அவர் வாங்கச் சம்மதித்தால் கிரயம் எழுதாமல் விடுதலைப் பத்திரம் எழுதுங்கள். குடும்பத்துக்குள் விடுதலைக்கும் பாகத்துக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய். கிரயமென்றால் 7 சதவீதம்.

பதிலே வரவில்லையா? பாகப்பிரிவினை வழக்கு. இங்கேதான் பலர் அரைகுறையாகப் போட்டுப் பல ஆண்டுகளைத் தொலைக்கிறார்கள். பொதுச் சொத்தில் ஒரு சர்வே எண்ணை விட்டாலும் "பகுதிப் பாகம் கேட்க முடியாது" என்று எதிர்ப்பு வரும், ஒரு வாரிசை விட்டாலும் "தேவையான தரப்பினரைச் சேர்க்கவில்லை" என்று வரும். நீதிமன்றக் கட்டணத்திலும் சண்டை இழுப்பார்கள். கூட்டு அனுபவத்தில் இருப்பவருக்கு நிலையான கட்டணம்தான், அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர்தான் தன் பங்கின் மதிப்பில் கட்ட வேண்டும். ஒரு பங்காளியின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவமாகவே கருதப்படும். வருமானத்தில் உங்கள் பங்கையும் அதே வழக்கில் கேளுங்கள். அதைக் கேட்டால்தான் உட்கார்ந்திருப்பவருக்குச் சுடும். வழக்கு நடக்கும்போது அவர் யாருக்காவது விற்றாலும் வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். ஆனாலும் தடை உத்தரவு கேட்பது நல்லது.

நிலம் நியாயமாகப் பிரிக்க முடியாதபடி இருந்தால் 1893 சட்டத்தின் 2-ஆம் பிரிவைக் கையில் எடுங்கள். பாதியோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர்கள், தனியாகவோ சேர்ந்தோ, பிரிப்பதற்குப் பதில் விற்றுப் பணத்தைப் பங்கிடக் கேட்கலாம். நான்கில் இரண்டு பேர் ஒன்று சேர்ந்தாலே போதும். மறுப்பவருக்கு அப்போது 3-ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் கட்டும் மதிப்புக்கு உங்கள் பங்கை வாங்கிக்கொள்ள ஒரு வாய்ப்பு. காசு எடுத்து வைக்க வேண்டும், அல்லது விலக வேண்டும். இதை ஏன் எந்தத் தரகரும் சொல்வதில்லை?

முதல்நிலைத் தீர்ப்பு வந்ததும் இனிப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற கூட்டத்தை என்ன சொல்வது! அது பங்கு எவ்வளவு என்றுதான் சொல்கிறது, எந்த இடம் என்று சொல்லவில்லை. நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் சர்வேயருடன் வந்து அளப்பது அதற்குப் பிறகுதான். அன்று களத்தில் நில்லுங்கள். எல்லோருக்கும் 30 சென்ட் கிடைத்தாலும் ரோட்டு முகப்பு, கிணறு, மின் இணைப்பு, பின்னால் இருப்பவருக்குப் பாதை எல்லாம் வரைபடத்தில் ஏற வேண்டும். முகப்பு கிடைத்தவர் மற்றவருக்கு ஈடுகட்டும் தொகை கொடுக்க வேண்டும். பாதையை விட்டுவிட்டால் உங்கள் 30 சென்டை அதே பங்காளி சொல்லும் விலைக்குத்தான் விற்பீர்கள். முதல்நிலைத் தீர்ப்புக்குப் பிறகு தனி மனுவுக்குக் காத்திருக்காமல் வழக்கை இறுதித் தீர்ப்பை நோக்கி நகர்த்த வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அதையே நம்பி இருக்காமல் மனுப் போட்டுவிடுங்கள். இறுதித் தீர்ப்பை முத்திரைத் தாளில் எழுதி வாங்கி, அதை வைத்து உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, உங்கள் பெயரில் புது உட்பிரிவு எண்ணுடன் தனிப்பட்டா வந்த பிறகு விலை பேச உட்காருங்கள். அப்போது வாங்க வருபவர் உங்கள் பங்காளியின் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டார்.